விஸ்வகர்மா பூஜையன்று ஏறிய எஞ்சின்

அத்தியாயம் 6

"வண்டி இருக்கு, எஞ்சின் இருக்கு, ஆளைத்தான் காணோம்" என்றான் பிரிட்டோ. "நமக்கு வர்ற கேஸ் எல்லாம் இதுக்குத் தலைகீழால்லா இருக்கும், தீதி."

அவன் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் முதலாளி மதுவந்தி சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அனுராதாவுக்கு அவன் சொன்னது காதிலேயே விழவில்லை. காலையிலிருந்து அவள் செல்போனைக் காதை விட்டு எடுக்கவில்லை. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் வங்காளியில் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் அலுக்காமல் மறுபடி அழைத்துக்கொண்டிருந்தாள்.

காளிகாட்டில், ஆதி கங்கைக் கால்வாயில் போய் முட்டும் ஒரு சந்தின் கடைசித் தகரக் கொட்டகை அது. நிமாய் என்ற மெக்கானிக்கின் பட்டறை. கொட்டகையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு வான நீலத்தில் ஒரு கிழட்டு ஃபார்கோ பிக்கப் நின்றது. டூவார்ஸ் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் கோழிகள் குடியிருந்த வண்டியை அனுராதாவின் கணவர் மஹாதேவன் லாரியில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்தில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். வண்டியின் பழைய பெட்ரோல் எஞ்சின் இனி ஆகாது என்று ஆனதும், உடைப்புக்கு வந்த ஜீப் ஒன்றிலிருந்து டீசல் எஞ்சினையும் அதனோடு சேர்ந்த கியர் பாக்ஸையும் வாங்கிப் போட்டிருந்தார். மாட்டுவதுதான் பாக்கி.

நேற்று விஸ்வகர்மா பூஜை. துறைமுகத்துக்கு விடுமுறை. "வண்டியைப் பாத்துட்டு சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று கிளம்பிய மஹாதேவன் சாப்பாட்டுக்கும் வரவில்லை, ராத்திரிக்கும் வரவில்லை. காவல் நிலையத்தில் இருந்தவர் ராத்திரி பூரா உட்காரவைத்துவிட்டு, பூஜை நாளில் ஆண்பிள்ளைகள் காணாமல் போவது சகஜம், தெளிந்ததும் வருவார் என்று அனுப்பிவிட்டார். மஹாதேவன் காபி தவிர வேறு எதையும் குடித்தறியாதவர்.

காலையில் பெஹாலாவில் இனிப்புக் கடை மாடியிலிருக்கும் மதுவந்தியின் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்துக்கு அனுராதா படியேறி வந்தபோது, புடவையை இடம் வலம் மாற்றிக் கட்டியிருந்தாள். அது அவளுக்கே தெரியாது.

"அவருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா நான் இருக்க மாட்டேன். இதை பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை, மதுவந்தி. எனக்குத் தெரியறது, சொல்றேன்" என்றாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பொய்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் தலைமயிர் நரைத்தவள் மதுவந்தி. எத்தனையோ மனைவிமார் அழுது பார்த்திருக்கிறாள். அழாமல் இவள் இப்படிப் பேசியதும் வேறொன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கையிலிருந்த ஒரே நூல், சாய் கிருஷ்ணா. மஹாதேவனின் அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞன். பங்குனியில்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்தான். பிக்கப் பைத்தியம் அவனையும் பிடித்திருந்ததால் வாரத்தில் பாதி நாள் அனுராதாவின் வீட்டில்தான் சாப்பாடு. மஹாதேவனைக் கடைசியாகப் பார்த்தவன் அவன்தான். இப்போது பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். குளித்து, நெற்றியில் சந்தனக் கீற்றும் நடுவே குங்குமமும் வைத்து, கண் மட்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க, சாய்" என்றாள் மதுவந்தி.

"நேத்துக் காலையில நிமாய்-தா வந்தார் மேடம். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எறக்கி மாட்டிக் குடுத்துட்டு ஊருக்குக் கெளம்பிட்டார். அப்புறம் சாருக்கு ஒரு போன் வந்துச்சு. வந்துடறேண்டான்னு மெட்ரோ பக்கம் நடந்தார். ரொம்ப நேரம் பாத்தேன். வரலை. பூட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"நிமாய்-தா எந்த ஊர்?"

"சுந்தர்பன் பக்கம் ஏதோ தீவு. அங்க சிக்னலே கிடையாது."

"வசதியான ஊரால்லா இருக்கு" என்றான் பிரிட்டோ.

"அவனைத் துருவாதேங்கோ" என்றாள் அனுராதா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "ராத்திரி பூரா என்னோட ஸ்டேஷன்ல உக்காந்திருந்தான். கூடப் பொறந்தவன் மாதிரி."

சாய் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்தில் டாக் மேளம் அதிர்ந்தது. நேற்றுப் பூஜை போட்ட விஸ்வகர்மாக்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, ஒலிபெருக்கி அலற, படித்துறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்கவே கத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு இன்று பௌர்ணமி. பௌர்ணமி வந்தால் ஹூக்ளி ஆற்றின் கடல் ஓதம் ஆதி கங்கைக்குள் ஏறி, சாக்கடை வழியாகச் சந்துக்குள் எட்டிப் பார்க்கும். வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

"மேடம், தண்ணி ஏறுது. இங்க நின்னு என்ன பண்றது?" என்றான் சாய். "மெட்ரோ ஸ்டேஷன்ல கேமரா இருக்கும். அதைப் பாக்கலாமே. நேரம் போயிட்டே இருக்கு."

நியாயமான யோசனைதான். அனுராதாகூட வாசலைப் பார்த்துத் திரும்பினாள். மதுவந்தி மட்டும் நகரவில்லை. தேடும் ஆளைவிடத் தேடும் இடத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களை அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பிடிக்காது.

"பிரிட்டோ, பானெட்டைத் திற."

பிரிட்டோ பம்பரில் ஏறி நின்று திறந்தான். தூத்துக்குடியில் பிறந்து, கிதிர்பூர் துறைமுகக் குடியிருப்பில் வளர்ந்து, எந்த எஞ்சினைக் கண்டாலும் தலையை உள்ளே விடுகிற பிறவி அவன்.

"எஞ்சின் உக்காந்துட்டு. ஆனா யார் உக்கார வச்சாவளோ, அவிய கையில இட்லிச் சட்டியைக்கூட கழட்டக் கொடுக்க மாட்டேன். இங்க பாருங்க தீதி. மவுண்டிங் நட்டு மூலையெல்லாம் எலி தின்ன பிஸ்கட்டு."

மதுவந்தி எட்டிப் பார்த்தாள். சரியான அளவு ஸ்பானர் போட்டால் நட்டின் முனை மழுங்காது. கண்ட அளவுக்கும் திருகிக்கொள்ளும் ஸ்க்ரூ ஸ்பானரை வைத்து முரட்டுத்தனமாகத் திருப்பினால்தான் இப்படிக் கடிபடும். பிரிட்டோ வலது பக்க நட்டை இரண்டு விரலால் சுழற்றினான். அது குழாய் மூடி போலச் சுழன்றது.

"இந்தப் பக்கம் கையால திருகி விட்டதோட சரி. இந்த வண்டி சந்து முனை தாண்டாது. எஞ்சின் முதல்ல எறங்கிரும், வண்டி பின்னால வரும்."

"அவசரமா ஊருக்குப் போகணும்னு பண்ணியிருப்பார்" என்றான் சாய்.

"இருக்கலாம்" என்றாள் மதுவந்தி. அவள் பார்வை பட்டறையின் மூலைக்குப் போயிருந்தது.

அங்கே ஒரு மேசை மேல், யானை மேல் அமர்ந்து கையில் காற்றாடி பிடித்த விஸ்வகர்மா. நிமாய் தன் சாமியைக் கரைப்பதில்லை போலிருக்கிறது. சாமியின் காலடியில் ஸ்பானர்கள் வரிசையாக, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சிவப்பு நூல் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிந்தூரக் கோடு இழுத்து வைக்கப்பட்டிருந்தன. சுத்தியல், ஜாக்கி, வளைத்துச் சுருட்டிய கம்பிக் கயிறு. எல்லாவற்றுக்கும் நடுவே, எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக். எல்லாவற்றின் மேலும் வாடிய செவ்வந்தி மாலை.

"சாய், நீங்க வந்தப்புறம் இந்த ஊர்ல இதுதான் முதல் விஸ்வகர்மா பூஜை, இல்லையா?"

"ஆமாம் மேடம். நம்ம ஆயுத பூஜை மாதிரிதான். நமக்கு அடுத்த மாசம் வருது."

"நம்ம ஆயுத பூஜை மாதிரி இல்லை. அதைவிட ஒரு படி மேல. முதல் நாள் சாயங்காலமே சாமானைக் கழுவிச் சாமிக்கிட்ட வச்சுடுவாங்க. அன்னிக்கு இந்த ஊர்ல எந்த மெக்கானிக்கும் ஸ்பானரைத் தொடமாட்டான். மந்திரி வண்டி நடுரோட்டுல நின்னாலும் தொடமாட்டான். நிமாய்-தா நேத்துக் காலையில எஞ்சின் மாட்டினார்ங்கறீங்க."

சாய் உதட்டை நனைத்துக்கொண்டான். "அர்ஜண்ட்னு சார் கேட்டுக்கிட்டார். பூஜைக்கு முன்னாடி மாட்டிட்டு, அப்புறம் கழுவி வச்சார்."

"அப்படின்னா அவர் கையில இந்தச் செட் பூரா இருந்திருக்கு. பின்ன எதுக்கு எலி மாதிரி கடிச்சார்?" என்றான் பிரிட்டோ.

மதுவந்தி மேசை முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மாலையை விரலால் ஒதுக்கினாள். சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "அனுராதா, இங்க வாங்க" என்றாள்.

"ஸ்பானர்ல என்ன இருக்கு?"

"சிந்தூரம்."

"சுத்தியல்ல? கம்பிக் கயித்துல?"

"அதுவேதான். எண்ணெயில குழைச்சு ஒரே இழுப்பா இழுத்திருக்கா."

"செயின் பிளாக்ல?"

அனுராதா குனிந்தாள். செயின் பிளாக்கின் நெற்றியில் சிந்தூரக் கோடு இல்லை. வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் கடுகளவு குங்குமம். நம் வீடுகளில் தையல் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் பீரோவுக்கும் வைப்போமே, அதே பொட்டு.

"இது... நம்மாத்துப் பொட்டு" என்றாள் அனுராதா.

"வங்காளிக் கை வைக்காத பொட்டு. நிமாய்-தா பூஜை போட்டுட்டுப் போனப்புறம் யாரோ இதை மட்டும் சாமிக்கிட்டேருந்து எடுத்திருக்காங்க. வேலை பார்த்த கையில சிந்தூரம் அழிஞ்சுபோச்சு. திருப்பி வைக்கறப்போ மொட்டையா வைக்க மனசு வரலை. பழக்கதோஷம், தனக்குத் தெரிஞ்ச மாதிரி பொட்டு வச்சுட்டாங்க. சந்தனமும் குங்குமமும் இங்க எப்படி வந்துது?"

"நான்தான் அனுப்பினேன். எஞ்சின் ஏறினதும் வண்டிக்கு வைங்கோன்னு டப்பாவுல போட்டு."

"சாரே வச்சிருப்பார்" என்றான் சாய் வேகமாக.

அனுராதா முதல் முறையாகப் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அவரா? டப்பாவை வாங்கிண்டபோதே சிரிச்சார். கல்யாணத்தன்னிக்கு எனக்குக் குங்குமம் வைக்கறதுக்கே வாத்தியார் கையைப் பிடிச்சு வைக்க வேண்டியிருந்தது. அவர் இரும்புக்குப் பொட்டு வைப்பாரா?" அவள் பார்வை மெல்ல மேலேறி சாயின் நெற்றியில் போய் நின்றது. "சாய், நீ என்னடா மறைக்கறே?"

வெளியே டாக் மேளம் இன்னும் பக்கத்தில் வந்தது. சாய் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். எடுத்தான். மறுபடி விட்டுக்கொண்டான்.

"சரி மேடம். நாங்களேதான் மாட்டினோம். நிமாய்-தா திங்கக்கிழமைதான் வருவேன்னுட்டார். லீவு நாளு, சாருக்குப் பொறுக்கலை. சாமிக்கிட்டேருந்து எடுத்தது தப்புன்னு சொல்லாம விட்டுட்டேன். அவ்ளோதான். மத்ததெல்லாம் நெஜம். சார் மெட்ரோ பக்கம்தான் போனார்."

"மாட்டும்போது செயின் யார் கையில?"

"என் கையில."

"அப்போ மஹாதேவன் எங்க இருந்தார்?"

சாய் வாசல் பக்கம் பார்த்தான்.

"ஒருத்தர் மேலேருந்து சங்கிலியை விட்டா, இன்னொருத்தர் கீழேருந்து கியர் பாக்ஸ் வாலைப் பிடிச்சு வழிகாட்டணும். இந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவுல ஒரு நாய்தான் படுக்கலாம். துறைமுக எஞ்சினியர் எங்க நின்னுகிட்டு தாங்கினார்?"

சாயின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மதுவந்தியின் காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். வாசற்படியைத் தாண்டி ஓதத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கருப்பாக, செவ்வந்தி இதழ்களை இழுத்துக்கொண்டு, அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஓடியது. அதுதான் அவளை நிமிர வைத்தது. சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. இவ்வளவு நேரத்துக்குப் பட்டறைக்குள்ளும் தேங்கியிருக்க வேண்டும். இங்கே பாதம்கூட மூழ்கவில்லை. வந்த தண்ணீரெல்லாம் பிக்கப்புக்கு அடியில் போய், விரித்துப் போட்டிருந்த சாக்குகளுக்குள் நுழைந்து, காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"பிரிட்டோ, வண்டிக்கு அடியில குழி இருக்கு" என்றாள் மதுவந்தி. "வேலை பாக்கற குழி. மேல மூடியிருக்கு. தண்ணி அதுக்குள்ளதான் போகுது."

பிரிட்டோ சட்டையோடு தண்ணீரில் படுத்து உள்ளே ஊர்ந்தான். சாக்கை இழுக்கும் சத்தம். பிறகு அவன் குரல், கிண்டல் அத்தனையும் வடிந்துபோய்.

"நீளப் பலகை போட்டிருக்கு. அந்தப் பலகை மேல ஒரு மரக்கட்டை. கட்டை மேல கியர் பாக்ஸ் உக்காந்திருக்கு. அதைத் தாங்குத குறுக்குச் சட்டமே இன்னும் மாட்டல. பலகையை இழுத்தேன்னா இம்புட்டு இரும்பும் குழிக்குள்ள போயிரும். வண்டியைத் தள்ளினாலும் போயிரும்."

படித்துறைப் பக்கம் போய்விட்டார்கள் போலிருக்கிறது, மேளச் சத்தம் தேய்ந்தது. பிரிட்டோ பலகையில் காதை வைத்தான். ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, பேசாதீர்கள் என்று காட்டினான். தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு, தட். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட். யாரோ விரல் கணுவால் மரத்தைத் தட்டுகிற அளவுக்குத்தான் அந்தச் சத்தம்.

"இருக்காது" என்றான் சாய். "இருக்கவே இருக்காது. மூச்சே இல்ல. நான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

அனுராதா அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தரையில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் முகத்தை வைத்து, "நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் முந்தானையையும் இழுத்துக்கொண்டு குழிக்குள் போனது.

"சாய்" என்றாள் மதுவந்தி. "என்ன நடந்ததுன்னு சொல்லி அப்புறம் அழலாம். இப்போ சுருக்கமாச் சொல்லுங்க. குழி எவ்வளவு ஆழம்?"

"என் மார் வரைக்கும்." அவன் கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "கயிறு நழுவிடுச்சு மேடம். நைலான் கயிறு. கம்பிக் கயித்தால கட்டுடான்னு சார் சொன்னார். அதுலயும் சிந்தூரம் இருந்துச்சு. சாமிகிட்டேருந்து ஒண்ணை எடுத்ததே பாவம், இன்னொண்ணு வேணாம் சார், நைலான் தாங்கும்னு நான்தான் சொன்னேன். கியர் பாக்ஸ் வால் ஆடிப்போய் அவர் தலையில... கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். நாடி பிடிச்சும் தெரியலை. போயிட்டார்னு நெனச்சேன். எஞ்சின் மட்டும் ஏறி உக்காந்துட்டா நிமாய்-தா மாட்டினதா சொல்லிடலாம்னு..."

"போதும். செயின் பிளாக்கை அந்த விட்டத்துல மாட்டணும். எங்கே கட்டித் தூக்கினா வால் மேல வரும்?"

"எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற கழுத்துல."

"வாங்க."

சாமி மேசையிலிருந்து செயின் பிளாக்கைத் தூக்கியவள் அனுராதா. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டு வந்தாள். மாலை அறுந்து தண்ணீரில் விழுந்தது. கம்பிக் கயிற்றை மதுவந்தி எடுத்தாள். சிந்தூரம் அவள் உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொண்டது. பிரிட்டோ பிக்கப்பின் கூரையில் ஏறி இரும்பு விட்டத்தில் கொக்கியை மாட்டினான். சாய் எஞ்சின் கழுத்தைச் சுற்றிக் கம்பியைப் போட்டான். முதல் தடவை கொக்கி விரலிலிருந்து வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை மதுவந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நிக்குமாம்" என்றான் பிரிட்டோ, போனைத் தோளால் காதோடு அமுக்கியபடி. "சந்துல தண்ணியாம். தண்ணி இருக்கதாலதான்யா கூப்பிடுதோம்."

"இழுங்க, சாய்."

சாய் சங்கிலியை இழுத்தான். கடகடவென்று பல்சக்கரம் பேசியது. கம்பி விறைத்தது. இழுக்க இழுக்க, வலது பக்க மவுண்டிங் முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. நட்டு இறுகியிருந்தால் எஞ்சின் அசைந்திருக்காது. அவன் அரைகுறையாக விட்ட வேலைதான் அப்போது கைகொடுத்தது.

"கட்டை ஆடுது" என்று அடியிலிருந்து பிரிட்டோ கத்தினான். "இன்னும் நாலு விரல். இன்னும். போதும்."

கட்டையை உருவி எறிந்தான். முதல் பலகை வெளியே வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாதி வருவதற்குள் அனுராதா பக்கவாட்டில் குழிக்குள் இறங்கிவிட்டாள். அவள் தலைக்கு நேர் மேலே, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது கியர் பாக்ஸ். அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குழிக்குள் தண்ணீர் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. மூலைப் படியில் சாய்ந்து கிடந்தார் மஹாதேவன். தலையில் ஒரு பக்கம் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் மேலே தூக்கினபடி, பலகை இருந்த இடத்தைத் தட்டுவதற்காக விரல் மடங்கியிருந்தது. அனுராதா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். ராத்திரியிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை அத்தனையும் அந்தக் குழிக்குள் எதிரொலித்தது.

பிரிட்டோ கால் பக்கம் பிடித்தான். மதுவந்தி கக்கத்தில் கை கொடுத்தாள். வழுக்கியது, மறுபடி பிடித்தார்கள். எண்ணெயும் சேறுமாக அந்தப் பெரிய உடம்பைப் பிக்கப்பின் பின்பக்கமாக இழுத்துத் தரையில் போட்டபோது மூன்று பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. மஹாதேவனுக்கு மட்டும் நிற்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது.

சாமியைக் கரைத்துவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு தள்ளுவண்டியைப் பிரிட்டோ மறித்து இழுத்து வந்தான். கூடவே அந்தப் பாடாவின், அதாவது பேட்டையின், பையன்கள், வெற்றுடம்பில் சிந்தூரமும் சேறுமாக. விஷயம் கேட்டதும் மைக் செட்டை அணைத்தார்கள். அண்ணனின் தலையைப் பிடியுங்கள், காலைப் பிடியுங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வைக்கோல் விரித்த வண்டியில் கிடத்தினார்கள்.

மஹாதேவன் கண் திறந்தார். முதலில் அனுராதாவைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை எதையோ தேடி, பிக்கப்பின் மூக்குப் பக்கத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாயிடம் போய் நின்றது.

"சாய்" என்றார். குரல் உதட்டோடு நின்றது. எல்லோரும் குனிய வேண்டியிருந்தது.

"பேசாதேங்கோ" என்றாள் அனுராதா.

"நீ அழுதது கேட்டுது, சாய். இருக்கேண்டான்னு சொல்லணும்னு பாத்தேன். நாக்கு எழும்பலை." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்புறம் பலகை போட்டே. முதல் பலகை போட்டப்போ வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. இரண்டாவது போட்டப்போ என் குரல் வந்துடுத்து. கூப்பிட்டேன். நீ மூணாவதையும் போட்டே."

வண்டி நகர்ந்தது. பையன்கள் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அனுராதா தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிரிட்டோ முன்னால் ஓடி வழி விலக்கினான்.

பட்டறைக்குள் மதுவந்தியும் சாயும் மட்டும் இருந்தார்கள். தண்ணீர் இப்போது குழியை நிரப்பிவிட்டு, தரைமேல் ஏறத் தொடங்கியிருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் மதுவந்தி.

அவன் சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ஏதோ கேட்டுச்சு. மேளச் சத்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

நேற்று இந்தச் சந்தில் மேளம் இல்லை. விசர்ஜனம் இன்றைக்குத்தான். அதை அவனிடம் சொல்ல மதுவந்திக்கு மனம் வரவில்லை. அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சங்கிலியை விடுங்க, சாய். செயின் பிளாக் தானா நிக்கும். யாரும் பிடிக்க வேண்டாம்."

"விழுந்துடும் மேடம்."

"கீழ யாரும் இல்லை."

அவன் விடவில்லை. காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரைத் திட்டியபடி வந்து சேர்ந்தபோதும், இரண்டு கையாலும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தான்.